சுழலாத வன்தட்டு

நுழையும்முன்

ஓலைச்சுவடிகளைக் கறையான் அரித்தது. அச்சிட்ட தாள்களை ஈரமும் பூச்சியும் உண்டன. கணினியில் ஏற்றிவிட்டால் எழுத்துக்கு அழிவில்லை என்னும் எண்ணம் பின்னர்ப் பரவியது. எனினும், நெடுநாள் மூடிக்கிடந்த பழைய கணினியை இயக்கும்போது அதன் வன்தட்டு எழாமல் போவதுண்டு. அந்நேரத்தில் பதற்றத்துடன் செய்யும் செயல், பழுதைக்காட்டிலும் பெருங்கேடு விளைவிக்கும். பழுதை முறையாக நாடும் நெறியை இப்பாடம் விளக்குகிறது.

வன்தட்டின் அமைப்பு

பேச்சு வழக்கில் ‘ஹார்டு டிஸ்க்’ எனப்படும் வன்தட்டு 1956ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனத்தால் அறிமுகப்படுத்தப்பட்டது. 24 அங்குல விட்டமுடைய 50 தட்டுகளைக் கொண்ட அப்பெரும்பொறியில் ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளையே சேமிக்க முடிந்தது. பின்னர் வன்தட்டு உள்ளங்கையளவு சிறுத்தபோதும் அதன் அடிப்படை மாறவில்லை. காந்தப்பூச்சுடைய தட்டுகளை ஒரு மோட்டார் சுழற்றுகிறது. அவற்றின்மேல் அசையும் நுண்முனைகள் தரவுகளைப் படிக்கவும் எழுதவும் செய்கின்றன. மேசைக்கணினிகளின் வன்தட்டுகள் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்பவை. அவ்விரைவில் எழும் காற்றுப்படலம் முனைகளைத் தட்டின்மீது படாமல் தாங்குகிறது. அவ்விடைவெளி தலைமுடியின் தடிமனைவிடப் பன்மடங்கு குறைவு. ஆகவே, ஒரு தூசித்துகளும் அங்கே பாறையாகிவிடும்.

மூன்று வினாக்கள்

வன்தட்டு வேலை செய்யவில்லை என்று சொல்வது மட்டும் போதாது. தட்டு சுழல்கிறதா? கணினி அதனை அறிகிறதா? அதிலுள்ளதைப் படிக்க முடிகிறதா? இம்மூன்று வினாக்களையும் இதே வரிசையில் எழுப்பினால் பழுது இருக்குமிடம் புலப்படும். எளியதும் தீங்கற்றதுமான சோதனையை முதலில் செய்வதே இவ்வரிசையின் பயன்.

சுழல்கிறதா?

கணினியை இயக்கியவுடன் வன்தட்டிலிருந்து மெல்லிய இரைச்சல் எழ வேண்டும். ஒலியோ அதிர்வோ இல்லையெனில் முதலில் ஐயுற வேண்டியது மின்சாரத்தையே. பழைய வன்தட்டுக்கு நான்கு கம்பிகள் வழியே மின்சாரம் செல்கிறது. மஞ்சள் கம்பி 12 வோல்ட்டையும் சிவப்புக் கம்பி 5 வோல்ட்டையும் தருகின்றன. கறுப்புக் கம்பிகள் இரண்டும் புவியிணைப்பு. மஞ்சள் கம்பியின் மின்சாரம் மோட்டாரையும் சிவப்புக் கம்பியின் மின்சாரம் மின்சுற்றுப் பலகையையும் இயக்குகின்றன. எனவே, எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி பழுதானாலும் வன்தட்டே பழுதானதுபோலத் தோன்றும். கணினியை நிறுத்தி, மின்செருகியைப் பிடுங்கிய பின்னரே இணைப்புகளைக் கழற்றி மாற்றிப் பார்த்தல் வேண்டும்.

மின்சாரம் சரியாக இருந்தும் தட்டு சுழலாவிடில், முனைகள் தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். பழைய வன்தட்டுகளில் இயக்கம் நின்றதும் முனைகள் தட்டின்மீதே இறங்கி அமரும். நெடுநாள் அசையாதிருந்தால் வழவழப்பான பரப்பும் அதன் மேலுள்ள உயவுப்பூச்சும் அவற்றைப் பற்றிக்கொள்ளும். இதனை விடுவிக்க வன்தட்டை மெல்லத் திருப்பி அசைக்கும் பழக்கம் தொழில்நுட்பர்களிடம் இருந்தது. அவ்வாறு அசைக்கையில் முனை முறியவும் கூடும். இழக்கக்கூடாத தரவு இருப்பின் இம்முயற்சியைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

அறிகிறதா?

தட்டு சுழன்றும் கணினி அதனை அறியாவிடில், அடுத்துக் காண வேண்டியது தரவுக்கம்பியை. பழைய ஐ.டி.இ. வகையில் பட்டையான கம்பி ஒன்றில் இரண்டு வன்தட்டுகளை இணைக்கலாம். முதன்மை எது, துணை எது என்பதை ‘ஜம்பர்’ எனும் சிறு செருகி வரையறுக்கும். இரண்டும் முதன்மையாக அமைந்துவிட்டால் கணினி குழம்பிவிடும்.

மற்றொரு காரணமும் உண்டு. 1990களின் தொடக்கம்வரை வந்த பல கணினிகள் வன்தட்டின் அளவைத் தாமே கண்டறியும் ஆற்றல் அற்றவை. வன்தட்டின் உருளை, முனை, பகுதி ஆகியவற்றின் எண்ணிக்கையைப் பயனரே பதிவுசெய்ய வேண்டும். தாய்ப்பலகையிலுள்ள சிறிய மின்கலம் அப்பதிவைக் காத்துவரும். மின்கலம் தீர்ந்தால் கணினி தன் வன்தட்டையே மறந்துவிடும். இங்கே வன்தட்டில் எக்குறையும் இல்லை. மின்கலத்தை மாற்றி, உரிய எண்களை மீண்டும் பதிந்தால் போதும். பழுது ஓரிடத்திலும் அதன் அறிகுறி வேறோரிடத்திலும் இருக்கலாம் என்பதற்கு இது நல்ல சான்று.

படிக்க முடிகிறதா?

கணினி வன்தட்டை அறிந்தும் இயங்குதளம் தொடங்காமல் நிற்கலாம். தொடக்கக் கோப்புகள் மட்டும் சிதைந்து, பயனரின் கோப்புகள் நலமாக இருப்பதும் உண்டு. அத்தகைய வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்துக் கோப்புகளைப் படியெடுக்கலாம். இயங்குதளத்தை அதே வன்தட்டில் மீண்டும் நிறுவ முற்படுவது, பழைய எழுத்தின்மேல் புதிய எழுத்தை எழுதி அழிப்பதாகும்.

‘டிக், டிக்’ என்னும் ஒலி இடைவிடாது கேட்டால் உடனே மின்சாரத்தை நிறுத்துதல் வேண்டும். முனை பழுதுற்றதன் அறிகுறி அது. மேலும் இயக்கினால் முனை தட்டின் பூச்சையே சுரண்டக்கூடும். சுரண்டப்பட்ட தரவை எவராலும் மீட்க இயலாது. வன்தட்டின் மூடியைத் திறப்பதும், குளிர்பதனப் பெட்டியில் வைத்தெடுப்பதும் தீங்கானவை. முன்னது தூசியை உள்ளே விடும். பின்னது நீர்த்துளிகளைப் படியச் செய்யும். தூசியற்ற அறையும் பயிற்சியும் உடைய தரவு மீட்பு வல்லுநரிடம் ஒப்படைப்பதே இந்நிலையில் தக்கது.

இத்தகைய ஒலியின்றி, படிப்பதில் தடை மட்டும் இருப்பின், வன்தட்டு முழுவதையும் முதலில் வேறொரு வன்தட்டில் படியெடுத்தல் வேண்டும். ‘டிடிரெஸ்க்யூ’ என்னும் கட்டற்ற மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் படியெடுத்துவிட்டு, சிதைந்த பகுதிகளுக்குப் பின்னர்த் திரும்பும். நலிந்த வன்தட்டின் ஒவ்வோர் இயக்கமும் இறுதி இயக்கமாகலாம் என்பதால் இவ்வரிசை அமைந்தது. பழுதுநீக்கும் முயற்சிகள் அனைத்தையும் படியில் மட்டுமே செய்ய வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

மீட்ட தமிழ்க் கோப்பு பொருளற்ற குறிகளாகத் திரையில் தோன்றினால் அது சிதைந்துவிட்டது எனக் கருதவேண்டா. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர்த் தமிழ் எழுத்துருக்கள் வெவ்வேறு குறியீட்டு முறைகளைப் பின்பற்றின. 1999ஆம் ஆண்டில் ‘டாம்’, ‘டாப்’ ஆகிய தரங்களும் அறிவிக்கப்பட்டன. தமிழ்நாடு அரசு 2010ஆம் ஆண்டு ஒருங்குறியை ஏற்றது. பழைய கோப்பை அதற்குரிய எழுத்துருவில் திறந்தாலோ, ஒருங்குறிக்கு மாற்றினாலோ தமிழ் மீண்டும் தெளிவாகும்.

காக்கும் வழி

வன்தட்டைக் கடையில் வாங்கலாம்; அதில் எழுதப்பட்டதை வாங்க இயலாது. ஆகவே, பழுது நீக்குவோர் முதலில் காக்க வேண்டியது பொறியை அன்று, எழுத்தையே. முதன்மையான தரவுக்கு மூன்று படிகள் தேவை. அவை இருவகைச் சேமிப்பகங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில் இருத்தல் வேண்டும். ஓலை நலியுமுன் புதிய ஓலையில் படியெடுத்த முன்னோரின் உழைப்பால்தான் பழந்தமிழ் நூல்கள் பல நம் கைக்கு வந்தன. ஏடு மாறியிருக்கிறது, படியெடுக்கும் கடமை மாறவில்லை.

கற்பவை கற்றபின்

1. பழைய கணினி ஒன்றின் வன்தட்டு எழவில்லை எனக் கொண்டு, செய்ய வேண்டிய சோதனைகளை வரிசைப்படுத்தி விளக்கப்படம் வரைக.
2. ‘பழுது ஓரிடம், அறிகுறி வேறிடம்’ என்பதனை அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்குக.
3. ஓலைச்சுவடி, அச்சு நூல், வன்தட்டு ஆகியவற்றின் அழிவுக் காரணங்களையும் காக்கும் முறைகளையும் ஒப்பிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.