வீடு ஏன் விலைபோகவில்லை?

‘வீடு விற்பனைக்கு’ என்று அட்டை எழுதித் தொங்கவிட்டு இரண்டு வருஷம் ஆகியிருக்கும். தரகர்கள் வருவார்கள், போவார்கள். பார்க்க வருபவர்களும் ‘வீடு நன்றாகத்தான் இருக்கிறது, கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்’ என்பார்கள், மறுபடி வரமாட்டார்கள். மகளின் கல்யாணம், மகனின் படிப்பு, வட்டிக்கு வாங்கிய கடன் என எல்லாமே அந்த ஒரு விற்பனையை நம்பி நிற்கும். இப்படித் தவிக்கும் குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு.

உடனே நமக்கு என்ன தோன்றுகிறது? வாஸ்து கோளாறு, கண் திருஷ்டி, யாரோ ஏதோ செய்துவிட்டார்கள்... கடைசியாகச் சொன்னதை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்தப் பயத்தைக் காட்டிப் பணம் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். விற்க முடியாத வீட்டுக்காரரிடம் மேலும் பத்தாயிரம், இருபதாயிரம் என்று கறப்பதைப் போன்ற பாவம் வேறில்லை.

ஜோதிட சாஸ்திரம் இதை எப்படிப் பார்க்கிறது? லக்னத்திலிருந்து 4-ஆம் இடம் சுக ஸ்தானம். வீடு, மனை, வாகனம், தாயார் எல்லாம் அங்கேதான். பூமிகாரகன் செவ்வாய். இது பலருக்கும் தெரியும். ஆனால், விற்பது என்று வரும்போது 3-ஆம் இடத்தையும் பார்க்க வேண்டும். எந்த ஸ்தானத்துக்கும் அதற்கு 12-ஆவது ஸ்தானம் விரயம். 4-ஆம் இடத்துக்கு 12-ஆவதாக வருவது 3-ஆம் இடம். வீடு கைமாறுவதை அந்த இடம் சொல்லும்.

இங்கேதான் கவனிக்க வேண்டிய சூட்சுமம் இருக்கிறது. அந்த 3-ஆம் இடத்துக்கு இன்னொரு பெயர், சகோதர ஸ்தானம்! பூமிகாரகனான செவ்வாய்க்கும் இன்னொரு பெயர், சகோதரகாரகன்! மண்ணையும் உடன்பிறப்பையும் ஒரே கிரகத்திடம் ஒப்படைத்திருக்கிறார்கள் நம் முன்னோர். பூர்விக வீட்டை விற்கப்போகிறவர் செவ்வாய்க்குத் துவரம்பருப்பு தானம் செய்வதற்கு முன்னால், கூடப் பிறந்தவர்கள் மனசு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பா கட்டிய வீடு. அவர் உயில் எழுதாமல் போய்விட்டார். அண்ணன், தம்பி இருவரும் விலை பேசுகிறார்கள். தங்கை பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ‘அவளுக்குத்தான் நகை போட்டாயிற்று, சீர் செய்தாயிற்று. ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்’ என்று அண்ணன் சொல்கிறார். தங்கை வாய்விட்டு மறுக்கவில்லை. ‘அவரைக் கேட்டுச் சொல்கிறேன் அண்ணா’ என்கிறாள், அவ்வளவுதான். வாங்க வந்தவரின் வக்கீல் வாரிசுச் சான்றிதழைப் பார்க்கிறார். மூன்று பெயர் இருக்கிறது. ‘இந்த அம்மா கையெழுத்துப் போடுவார்களா?’ என்று கேட்கிறார். பதில் தயங்கித் தயங்கி வருகிறது. வந்தவர் ‘கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம்’ என்று எழுந்துவிடுகிறார். அண்ணனோ ஈசானிய மூலையில் இருக்கும் குளியலறையை இடிக்க ஆள் தேடுகிறார்!

சட்டமும் தங்கையின் பக்கம்தான் நிற்கிறது. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, தந்தை சுயமாகச் சம்பாதித்த சொத்துக்கு உயில் இல்லையென்றால் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. தந்தையின் தாயார் இருந்தால் அவருக்கும் உண்டு. பூர்விகச் சொத்தில் மகளுக்கு மகனைப்போலவே உரிமை உண்டு என்பது தமிழ்நாட்டில், அப்போது மணமாகாதிருந்த பெண்களுக்கு, 1989-லேயே வந்துவிட்டது. 2005-ல் நாடு முழுவதும் வந்தது. அந்த 2005-ல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. முன்பே முறையாகப் பாகம் பிரித்திருந்தால் அது வேறு, வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இல்லறத்தான் பேண வேண்டியவர்கள் என்று திருவள்ளுவர் ஐவரைச் சொல்கிறார். தென்புலத்தார் முதலில், பிறகு தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், கடைசியாகத்தான் ‘தான்’. வீடு விற்கும் நேரத்தில் இந்த வரிசை அப்படியே தலைகீழாகிவிடுகிறது. அப்பா, அம்மா வாழ்ந்து மறைந்த வீடு என்றால், அவர்களுக்குத் திதி தவறாமல் நடக்கிறதா என்று யோசியுங்கள். விட்டுப்போயிருந்தால் வரும் அமாவாசையிலேயே தர்ப்பணத்தைத் தொடங்கலாம். கூடப் பிறந்தவர்களை அன்று வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு பங்கைப் பற்றிப் பேசினால், குரல் அவ்வளவாக உயராது.

வாஸ்துவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாஸ்து புருஷன் கண் விழிக்கும் நாட்கள் வருஷத்தில் எட்டு. சித்திரை 10, வைகாசி 21, ஆடி 11, ஆவணி 6, ஐப்பசி 11, கார்த்திகை 8, தை 12, மாசி 22. அன்று அவர் விழித்திருப்பது மூன்றே முக்கால் நாழிகை, அதாவது ஒன்றரை மணி நேரம். இவை புதுக் கட்டடம் தொடங்குவதற்காகச் சொல்லப்பட்டவை. விற்கப்போகிற வீட்டில் சுவரை இடிப்பதும் வாசலை மாற்றுவதும் வீண் செலவு. வாங்குகிறவர் தன் ராசிக்கு ஏற்ப மறுபடி மாற்றத்தான் போகிறார். ஆனால், வடகிழக்கு மூலையில் உடைந்த நாற்காலியும் பழைய பேப்பர் கட்டும் கிடந்தால் அப்புறப்படுத்துங்கள். பூட்டிக்கிடக்கும் வீடு என்றால் வெள்ளிக்கிழமை தோறும் ஒருவர் போய்த் திறந்து, கழுவி, கோலம் போட்டு, விளக்கேற்றி வரட்டும். விளக்கு எரிந்த வீட்டுக்கும் வௌவால் அடைந்த வீட்டுக்கும் உள்ள வித்தியாசம், உள்ளே காலடி வைத்தவுடனே தெரிந்துவிடும்.

இனி, தலங்கள். திருச்சியிலிருந்து துறையூர் செல்லும் வழியில் உள்ளது மண்ணச்சநல்லூர். இங்கே ஈசனின் திருநாமமே பூமிநாதர். வில்லங்கம் உள்ள மனையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துச் சென்று, சுவாமி சந்நிதியில் வைத்து வேண்டிக்கொள்வது இங்கே வழக்கம். திருவள்ளூர் மாவட்டம் சிறுவாபுரி முருகன் கோயிலுக்கு ஆறு செவ்வாய்க்கிழமைகள் தொடர்ந்து வருபவர்கள் ஏராளம். சொந்த வீடு வேண்டுவோருக்கான தலம் என்றாலும், ஒன்றை விற்றுத்தானே இன்னொன்றை வாங்க வேண்டியிருக்கிறது! அங்காரகன் தலமான வைத்தீஸ்வரன்கோயிலில் செவ்வாய்க்கு அர்ச்சனை செய்துகொள்ளலாம்.

இவற்றோடு, கடலூர் மாவட்டத்தில் உள்ள ஸ்ரீமுஷ்ணத்துக்கும் ஒரு முறை போய் வாருங்கள். பூமிதேவியை மீட்டெடுத்த வராக மூர்த்தி, இங்கே பூவராக சுவாமியாக எழுந்தருளியிருக்கிறார். மண் யாருடையது என்று அந்தச் சந்நிதியில் நின்றால் புரியும். ‘இவ்வளவுக்குக் குறைத்துத் தரமாட்டேன்’ என்று இரண்டு வருஷமாகப் பிடிவாதமாக இருக்கும் விலையிலும் கொஞ்சம் இறங்கி வரத் தோன்றும். ஊர் விலை என்ன என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல், நம் ஆசையை விலையாகச் சொல்லிவிட்டுக் கிரகங்களை நொந்துகொள்வதும் நடக்கத்தான் செய்கிறது.

தாய்ப்பத்திரம், பட்டா, வரி ரசீது எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். பழைய அடமானக் கடனை அடைத்தும் ரத்துப் பத்திரம் பதியாமல் விட்டிருந்தால், அது இன்னும் வில்லங்கச் சான்றில் நின்றுகொண்டிருக்கும். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கிரயம் முடிந்து சாவி கொடுக்கும் நாளில், வீட்டைக் கழுவித் துடைத்து, பூஜை அறையில் கடைசியாக ஒரு விளக்கேற்றுங்கள். பால் பாயசம் நைவேத்தியம் செய்து, குலதெய்வத்தை ‘எங்களோடு வா தாயே’ என்று அழைத்துக்கொள்ளுங்கள். விளக்கு தானாக மலையேறட்டும். ஊதி அணைக்க வேண்டாம். வாசலில் கோலம் போட்டுவிட்டு, தங்கையையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சாவியைக் கொடுங்கள்.