இழுத்தால் போதுமா? நிறுத்த வேண்டாமா?



கரும்பு ஏற்றிய டிரெய்லரை டிராக்டர் இழுத்துச் செல்வதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க நாட்டில் இதே முறையில் ஒரு வீட்டையே இழுத்துச் செல்கிறார்கள். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை ஆகிய எல்லாம் அடங்கிய, சக்கரம் பூட்டிய சிறு வீடு அது. அதற்கு டிராவல் டிரெய்லர் என்று பெயர். அதற்குத் தனியாக எஞ்சின் கிடையாது. பிக்கப் டிரக் எனப்படும் சிறு சரக்கு வண்டியின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்ல வேண்டும்.

ஒரு குடும்பம் இப்படி நாட்டின் குறுக்கே பயணம் போக விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களிடம் இருப்பது பழைய டிரக். அது இதுவரை 2,40,000 மைல் ஓடியிருக்கிறது. அதாவது சுமார் 3,86,000 கிலோமீட்டர். பூமியிலிருந்து நிலவின் சராசரித் தொலைவு 3,84,400 கிலோமீட்டர். நிலவுக்குப் போகும் தூரத்தை இந்த வண்டி தரையிலேயே ஓடி முடித்துவிட்டது!

'இந்தக் கிழட்டு வண்டி டிரெய்லரை இழுக்குமா?' என்றுதான் பலரும் கேட்பார்கள். இயற்பியல் தெரிந்தவர் வேறொரு கேள்வியைக் கேட்பார்: 'இழுக்கும்போதும் நிறுத்தும்போதும் பிறக்கும் வெப்பம் எங்கே போகும்?' பயணிகளின் உயிர் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. ஏன் என்று பார்ப்போமா?

ஏற்றத்தின் கணக்கு

அமெரிக்காவின் 70-ஆம் எண் நெடுஞ்சாலை கிழக்கே பால்டிமோர் நகருக்கு அருகில் தொடங்கி மேற்கே யூட்டா மாநிலம் வரை செல்கிறது. கான்சாஸ் மாநிலத்துச் சமவெளிகளைக் கடந்ததும் டென்வர் நகரம் வருகிறது. இது கடல் மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து சாலை ராக்கி மலைத்தொடரில் ஏறுகிறது. சுமார் 100 கிலோமீட்டர் போவதற்குள் 3,400 மீட்டர் உயரத்தை அடைந்துவிடும். அங்கே மலையைக் குடைந்து 1973-ஆம் ஆண்டில் திறந்த ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை உள்ளது.

டிரக்கும் அதில் உள்ளவர்களும் சேர்ந்து 2,500 கிலோகிராம், டிரெய்லர் 2,500 கிலோகிராம் எனக் கொள்வோம். மொத்தம் 5,000 கிலோகிராம். ஏற வேண்டிய உயரம் 1,800 மீட்டர். நிலையாற்றலைக் காணும் வாய்பாடு உங்களுக்குத் தெரியும். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்க வேண்டும்.

5,000 × 9.8 × 1,800 = 8,82,00,000 ஜூல்.

ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் சுமார் 3 கோடியே 20 லட்சம் ஜூல் கிடைக்கும். அப்படியானால் மூன்று லிட்டர் போதுமே என்று நினைக்கலாம். போதாது. எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் எஞ்சின் பயனுள்ள வேலையாக மாற்றுகிறது. ஆகவே உயரம் ஏறுவதற்கு மட்டுமே சுமார் 11 லிட்டர் தேவை. மீதி முக்கால் பங்கு என்ன ஆகிறது? வெப்பமாகிறது. அதில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். மற்றொரு பெரும் பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் ஏந்திக்கொண்டு, ரேடியேட்டருக்கு வந்து காற்றில் விடுகிறது. தோராயமாகச் சொன்னால், சக்கரத்துக்குப் போகும் ஆற்றல் எவ்வளவோ அவ்வளவு வெப்பம் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேற வேண்டும்.

வழுவழுப்பான சமதளத்தில் தனியாக ஓடும்போது இது பெரிய காரியமில்லை. 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சரிவில், நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் நம் வண்டி ஏறுவதாகக் கொண்டால், உயரம் ஏறுவதற்கு மட்டும் 59 கிலோவாட் திறன் வேண்டும். காற்றுத் தடைக்கும் டயர்களின் உருள்தடைக்கும் இன்னும் சுமார் 25 கிலோவாட் வேண்டும். ஆக மொத்தம் 84 கிலோவாட்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 3,400 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் சுமார் 70 சதவீதமே. எஞ்சினுக்குள் போகும் ஆக்சிஜன் குறைவதால், காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ அமைப்பு இல்லாத பழைய எஞ்சினின் திறனும் ஏறக்குறைய அதே அளவு குறைகிறது. ரேடியேட்டரைக் குளிர்விக்கும் காற்றும் மெலிந்துவிடுகிறது. வேலை கூடும் இடத்தில் உதவி குறைகிறது!

கிழட்டு வண்டியில் எது கிழடு?

அந்த உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 89 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டரில் அப்படிக் கொதிக்காதது ஏன்? அதன் மூடி உள்ளே அழுத்தத்தைத் தக்கவைக்கிறது. பிரஷர் குக்கரில் நடப்பதும் இதுதான். அழுத்தம் கூடினால் கொதிநிலை உயரும். மூடியில் உள்ள ரப்பர் வளையம் தேய்ந்துபோனால் அழுத்தம் நிற்காது. குறைந்த வெப்பத்திலேயே நீர் கொதித்து வெளியேறும். பல ஆயிரம் ரூபாய் பெறும் எஞ்சின், மலிவான ஒரு வளையத்தால் கெடும். சூடாக இருக்கும்போது அந்த மூடியை ஒருபோதும் திறக்கக் கூடாது. திறந்தால் அழுத்தம் சட்டென்று குறைந்து, கொதிநீரும் ஆவியும் முகத்தில் பாயும்.

ரேடியேட்டரின் நுண்குழாய்களில் ஆண்டுக்கணக்கில் உப்பும் துருவும் படியும். ரப்பர்க் குழாய்கள் வெடிப்பு விடும். தானியங்கி கியர்ப் பெட்டி உள்ள வண்டியில் எஞ்சினின் சுழற்சி எண்ணெய் வழியாகவே கியர்களுக்குப் போகிறது. பாரம் இழுக்கும்போது எண்ணெய் குழம்பிச் சூடாகிறது. அளவு மீறிச் சூடான எண்ணெய் கறுத்து, தீய்ந்த நாற்றம் வீசும். அதனால்தான் டிரெய்லர் இழுக்கும் டிரக்குகளில் அந்த எண்ணெய்க்கென்று தனியாக ஒரு சிறு ரேடியேட்டர் பொருத்துகிறார்கள்.

கவனித்தீர்களா? வெப்பத்தை வெளியேற்றும் உறுப்புகளே வயதால் முதலில் கெடுகின்றன. சாதாரண ஓட்டத்தில் அந்தக் குறை வெளியே தெரியாது. மலையில் பாரத்துடன் ஏறும் நாளில்தான் தெரியும்.

இறக்கத்தின் கணக்கு

சுரங்கப்பாதையைத் தாண்டியதும் சாலை மேற்கு நோக்கி இறங்குகிறது. சுமார் 13 கிலோமீட்டரில் சில்வர்தார்ன் என்ற ஊர் வந்துவிடும். இறங்கும் உயரம் 650 மீட்டர். இனி எஞ்சினுக்கு வேலையில்லை, ஓய்வுதான் என்று தோன்றும். உண்மையில் ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

5,000 × 9.8 × 650 = சுமார் 3 கோடியே 20 லட்சம் ஜூல்.

ஏறும்போது சேமித்த நிலையாற்றலில் இவ்வளவும் இப்போது திரும்பி வருகிறது. ஆற்றலை அழிக்க முடியாது. அது வேகமாக மாற வேண்டும், அல்லது வெப்பமாக மாற வேண்டும். வேகமாக மாறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. காற்றுத் தடையும் உருள்தடையும் தோராயமாகப் பாதியை ஏற்றுக்கொள்ளும். மீதி 1 கோடியே 60 லட்சம் ஜூல் பிரேக்குகளின் தலையில் விழுகிறது எனக் கொள்வோம். இது 54 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமான வெப்பம்! எல்லாச் சக்கரங்களின் பிரேக்குகளிலும் உள்ள இரும்பு மொத்தம் 80 கிலோகிராம் இருந்தால், வெப்பம் சிறிதும் வெளியேறாத நிலையில் அந்த இரும்பு 430 டிகிரிக்கு மேல் சூடேறும். காற்று ஓரளவு குளிர்விக்கும் என்பது உண்மை. ஆனால் 11 நிமிடத்துக்குள் முழுவதையும் குளிர்விக்க அதனால் முடியாது.

பிரேக் சூடானால் இரண்டு தீமைகள் நேரும். முதலாவது, பிரேக் லைனிங் அளவுக்கு மேல் சூடாகும்போது அதன் உராய்வுத் தன்மை குறைகிறது. எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது. இரண்டாவது, பிரேக் குழாயில் உள்ள திரவம் கொதிக்கிறது. இந்தத் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. பரவலாகப் பயன்படும் ஒரு வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிதான். திரவம் கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். எனவே மிதியை அழுத்தினால் குமிழிகள் சுருங்குமே தவிர, அழுத்தம் சக்கரத்தை அடையாது. மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது.

இதற்கு என்ன வழி? மலையில் ஏறிய கியரில், அல்லது அதைவிடக் குறைந்த கியரில், மெதுவாக இறங்க வேண்டும். அப்போது சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றும். எரிபொருள் குறைந்த நிலையில் எஞ்சின் ஒரு காற்றுப் பம்பைப் போல வேலை செய்து ஆற்றலை உறிஞ்சிக்கொள்ளும். தொடர்ந்து பிரேக்கை உரசிக்கொண்டே இறங்காமல், வேகம் கூடும்போது உறுதியாக ஒரு முறை அழுத்தி, பின் விட்டுவிட்டு ஆறவிட வேண்டும். டிரெய்லருக்கும் தனியே மின்காந்தப் பிரேக்குகள் உண்டு. அவை வேலை செய்கின்றனவா என்று புறப்படும் முன்பே சோதிக்க வேண்டும்.

இந்த இறக்கத்தில் சாலையோரம் மேல்நோக்கிச் செல்லும் கிளைப்பாதைகள் அமைந்துள்ளன. அவற்றில் தளர்ந்த சரளைக்கல் நிரப்பியிருப்பார்கள். பிரேக் இழந்த வண்டி அதில் ஏறினால் சக்கரம் புதைந்து நிற்கும். அரசே செலவு செய்து இத்தகைய பாதையை அமைத்திருப்பதிலிருந்து ஆபத்தின் அளவை உணரலாம்.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டுவண்டியில் பாரம் ஏற்றுவோர் முன்பாரம், பின்பாரம் பார்ப்பார்கள். டிரெய்லருக்கும் அது பொருந்தும். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை முன்னால் உள்ள கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். நம் டிரெய்லருக்கு அது 250 முதல் 375 கிலோகிராம்.

முன்பாரம் குறைந்தால், பக்கக் காற்றோ பெரிய லாரியோ உரசிப் போகும்போது டிரெய்லர் கொக்கியை மையமாகக் கொண்டு ஊசலைப் போல ஆடத் தொடங்கும். வேகம் அதிகமானால் அந்த ஆட்டம் அடங்காமல் வளர்ந்து, டிரக்கையே கவிழ்த்துவிடும். ஆட்டம் தொடங்கினால் ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பிச் சண்டையிடக் கூடாது. நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டு, கைப்பிடியால் டிரெய்லரின் பிரேக்கை மட்டும் இயக்க வேண்டும். பின்னாலிருந்து இழுத்த கயிறு நேராவது போல வண்டித் தொடர் நேராகும்.

முன்பாரம் கூடினாலும் தீமையே. கொக்கி பின்சக்கர அச்சுக்குப் பின்னால் இருப்பதால், நெம்புகோல் தத்துவப்படி டிரக்கின் முன்சக்கரங்கள் தூக்கப்படும். திருப்பும் சக்கரங்களுக்குத் தரையில் பிடிப்பு குறைந்துவிடும்.

டயர் சொல்லும் தேதி

டயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி விரிகிறது. காற்று குறைவாக இருந்தால் அதிகம் நசுங்கும்; அதிகம் சூடாகும். டிரெய்லர் ஆண்டின் பெரும்பகுதி வெயிலில் நின்றுகொண்டிருப்பதால், பட்டன் தேயாமலே ரப்பர் கெட்டுவிடும். டயரின் பக்கச் சுவரில் உள்ள குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள்.

முடிவு என்ன?

அந்தக் குடும்பம் புறப்படலாமா? 2,40,000 மைல் என்ற எண் இதற்கு விடை சொல்லாது. டிரக்கின் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தகட்டில் தயாரிப்பாளர் குறித்த எடை வரம்புக்குள் பாரம் இருக்க வேண்டும். ரேடியேட்டர், எண்ணெய், பிரேக் திரவம், லைனிங், டயர் ஆகிய எல்லாம் புதுப்பித்த நிலையில் இருக்க வேண்டும். இருந்தால், பழைய வண்டி மெதுவாக, பத்திரமாகப் போய்ச் சேரும். இவற்றில் ஒன்று தவறினாலும், நேற்று வாங்கிய வண்டியானாலும் மலையில் இறங்கக் கூடாது. ஏறத் தெரிந்த வண்டி நல்ல வண்டியல்ல. இறங்கி நிற்கத் தெரிந்ததே நல்ல வண்டி.

செய்து பாருங்கள்

1. சரிவான பாதையில் பிரேக் பிடித்தபடி சைக்கிளில் மெதுவாக இறங்குங்கள். இறங்கியதும், பிரேக் கட்டை உரசிய இடத்தில் ரிம்மை விரலால் இலேசாகத் தொட்டுப் பாருங்கள். உங்கள் நிலையாற்றல் எங்கே போயிற்று என்று தெரியும்.

2. நம் வண்டித் தொடர் நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதன் இயக்க ஆற்றல் எவ்வளவு? 650 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் இதைப் போல எத்தனை மடங்கு?

3. கொக்கியின் மேல் பாரம் 300 கிலோகிராம். கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் உள்ளது. முன், பின் அச்சுகளுக்கு இடையே 3.6 மீட்டர். முன்சக்கரங்களின் மேல் உள்ள பாரம் எவ்வளவு குறையும்?

4. வீட்டில் ஆள் எடை பார்க்கும் கருவியைக் கொண்டே முன்பாரத்தை அளக்கலாம். ஒரு பலகையின் ஒரு முனை செங்கல் மேலும், மறுமுனை எடைக் கருவி மேலும் இருக்கட்டும். டிரெய்லரின் முன்முனை, செங்கல்லிலிருந்து 1 அடியும் கருவியிலிருந்து 2 அடியும் தள்ளிப் பலகையை அழுத்துகிறது. கருவி 100 கிலோகிராம் காட்டினால் முன்பாரம் எவ்வளவு? பலகையின் எடையை விட்டுவிடுக.

விடைகள்: (2) 15,62,500 ஜூல், சுமார் 20 மடங்கு. (3) 100 கிலோகிராம். (4) 300 கிலோகிராம்.