தெனெரீஃபுக்குக் கமராவோடு போகும் பிள்ளைகளுக்கு

டிசம்பர் பிறந்தால் ஒஸ்லோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருக்கும் நம் பிள்ளைகள் வெயில் தேடி வெளிக்கிடுகிறார்கள். பலர் போவது கனேரித் தீவுகளுக்கு. அவற்றில் ஆகப் பெரியது தெனெரீஃப். நாடு ஸ்பெயின் என்றாலும் தீவு கிடப்பது ஆபிரிக்கக் கரைக்கு அப்பால், ஏறக்குறைய டெல்லியின் அகலாங்கில். டிசம்பர் நடுப்பகலில் லண்டன் சூரியன் அடிவானத்திலிருந்து 15 பாகை ஏறுவதே பெரிய காரியம். அங்கே 38 பாகை ஏறும். புதிதாகப் படம் எடுக்கத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைமாருக்கு, அந்தத் தீவில் பல குளிர்காலங்கள் படம் எடுத்தவன் என்ற உரிமையில் சில விஷயங்கள் சொல்கிறேன்.

1. மணிக்கூட்டைப் பார்க்க முதல் மலையைப் பாருங்கள். காலை வெளிச்சம் நல்லது, மாலை வெளிச்சம் நல்லது என்று எல்லோரும் சொல்லித் தருவார்கள். உண்மைதான். ஆனால் தெனெரீஃபில் வெளிச்சம் எப்படி இருக்கும் என்பதைக் காற்றும் உயரமுமே முதலில் தீர்மானிக்கின்றன. வடகிழக்கிலிருந்து வீசும் வாணிபக் காற்று கடலின் ஈரத்தைக் கொண்டுவந்து வடக்குச் சரிவில் மோதி மேகமாகிறது. அதற்கு மேலே இருக்கும் வறண்ட, சூடான காற்று அந்த மேகத்தை எழவிடாமல் அமுக்கிவைத்திருக்கிறது. அதனால் பெரும்பாலான நாட்களில் 1,500 மீற்றர் அளவில் மேகம் முடிந்துவிடும்.

இதன் பயனை யோசித்துப் பாருங்கள். புவேர்த்தோ டி லா குரூஸ் நகரில் காலையில் வானம் சாம்பல் நிறமாக இருக்கும். ஹோட்டலில் இருப்பவர்கள் இன்றைய நாள் போய்விட்டது என்று திரும்பிப் படுப்பார்கள். நீங்கள் காரை எடுத்து லா ஒரொட்டாவா வழியாக மேலே ஏறுங்கள். வீடுகள் முடிந்து பைன் காடு தொடங்கும் இடத்தில் மூடுபனிக்குள் நுழைவீர்கள். காரை ஓரமாக நிறுத்தி இறங்கினால் மழை பெய்யாமலே மரத்தடி நனைந்திருப்பதைக் காணலாம்: கனேரிப் பைனின் நீண்ட ஊசி இலைகள் மூடுபனியிலிருந்து ஈரத்தைப் பிடித்துச் சொட்டுச் சொட்டாக விடுகின்றன. ஒவ்வொரு ஊசி நுனியிலும் ஒரு துளி நிற்கும். அங்கே ஒரு மணி நேரம் செலவழியுங்கள். பிறகு இன்னும் ஏறினால் சட்டென்று நீல வானம், காலுக்குக் கீழே வெண்மேகக் கடல், எதிரே 3,715 மீற்றர் உயரத்தில் தெய்தே எரிமலை. ஸ்பெயின் முழுவதிலும் அதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. ஒரே காலையில் மூன்று விதமான வெளிச்சம். கடற்கரையில் மட்டும் கிடந்துவிட்டு வருபவர் இந்தத் தீவைப் பார்க்கவில்லை என்றே சொல்வேன்.

2. மூடுபனியைச் சபிக்காதீர்கள். வடகிழக்கு மூலையில் அனாகா மலைத்தொடர் இருக்கிறது. அங்குள்ள லோரல் காடு, பல மில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு தென் ஐரோப்பாவை மூடியிருந்த காடுகளின் எச்சம். வெயில் அடித்தால் அந்தக் காட்டில் வெள்ளைப் பொட்டும் கறுப்புப் பொட்டும்தான் கிடைக்கும். பனி இறங்கும்போது பாசி படிந்த கிளைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்து தெரியும். எக்ஸ்போஷரை அரை ஸ்டொப்பிலிருந்து ஒரு ஸ்டொப் வரை கூட்டுங்கள். போலரைசர் போட்டு ஈர இலையின் மினுக்கத்தை வெட்டுங்கள்.

3. கறுப்பு மணலைக் கறுப்பாகவே எடுங்கள். எரிமலைத் தீவு; கடற்கரைகள் பல கறுப்பு. கமராவின் வெளிச்சமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கறுப்பு மணலில் ஒரு ஸ்டொப் வரை குறைக்க வேண்டும். மேகக் கடலிலும், குளிர்காலத்தில் தெய்தேயில் விழும் வெண்பனியிலும் இதற்கு மாறாகக் கூட்ட வேண்டும். இந்த ஒன்று கைவந்துவிட்டால் எக்ஸ்போஷரில் பாதி படித்ததாகும்.

4. கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். நான் சொல்வதில் இது ஒன்றை மட்டுமாவது மனதில் வையுங்கள். குளிர்காலத்தில் வட அத்லாந்திக்கின் புயல் அலைகள் வடக்குக் கரையில் வந்து உடைகின்றன. கராச்சிக்கோ என்றொரு சிற்றூர் உண்டு. 1706-இல் எரிமலைக் குழம்பு மலையிலிருந்து இறங்கி, தீவின் முதன்மைத் துறைமுகமாக இருந்த அந்த ஊரின் துறையை நிரப்பிவிட்டது. கடலுக்குள் போய் இறுகிய அந்தப் பாறைகளுக்கு இடையே இன்று குளங்கள் இருக்கின்றன. கோடையில் குழந்தைகள் குளிக்கும் இடம். ஜனவரியில் அதே இடம் உயிர் குடிக்கும். படம் எடுக்க முன் குறைந்தது இருபது நிமிடம் சும்மா நின்று பாருங்கள். சிறிய அலைகள் பல வந்த பிறகு, கணக்கில்லாமல், பெரியவை சில சேர்ந்து வரும். அந்தப் பெரியவை எந்தப் பாறையை நனைக்கின்றனவோ அதற்கு நன்றாகப் பின்னால் நில்லுங்கள். பாதை மூடியிருந்தால் தாண்டிப் போகாதீர்கள்.

நல்ல படம் அலை உடையும் கணத்தில்தான் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உடைந்த பிறகு பாருங்கள். வெள்ளை நுரை கறுப்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, நூறு கிளையாகப் பிரிந்து, திரும்பக் கடலுக்கு ஓடும். முக்காலியில் கமராவை வைத்து அரை வினாடி திறந்தால் அந்த ஓட்டம் அப்படியே விழும். ஒரு வினாடிக்கு மேல் போனால் எல்லாம் பால் புகையாகிவிடும். எனக்கு அது பிடிப்பதில்லை. உப்புத் துளி லென்ஸில் பட்டால் உலர்ந்த துணியால் தேய்க்க வேண்டாம், முதலில் நல்ல நீரில் நனைத்த துணியால் ஒற்றி எடுங்கள்.

5. சூரியன் மறைந்த பிறகும் நில்லுங்கள். தெய்தேயின் அடிவாரத்தில் ரொக்கேஸ் டி கர்சியா என்ற பாறைக் கூட்டம் இருக்கிறது. அதில் ஒரு பாறையும் பின்னால் நிற்கும் எரிமலையும் பழைய ஆயிரம் பெசேத்தா நோட்டில் இருந்தவை. ஆகவே வருகிற எல்லோரும் அந்த ஒரு இடத்திலிருந்து அந்த ஒரு படத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள். நீங்களும் எடுங்கள், தவறில்லை. பிறகு பாறைகளைச் சுற்றி நடந்து வாருங்கள். சூரியன் விழுந்ததும் மற்றவர்கள் காருக்கு ஓடுவார்கள். அப்போது கிழக்கே திரும்பினால் பூமியின் சொந்த நிழல் நீலச் சாம்பல் பட்டையாக எழும். அதன் மேல் ரோஜா நிறப் பட்டை. அதிகம் போனால் கால் மணி நேரம்தான் இருக்கும்.

6. அகத்தியரைப் பாருங்கள். நம் பழைய ஆட்கள் அகத்திய நட்சத்திரம் என்ற கனோபஸ் லண்டனிலோ ஒஸ்லோவிலோ ஒருநாளும் உதிப்பதில்லை. ஊரில் தாத்தா காட்டிய அந்த நட்சத்திரத்தை ஐரோப்பாவில் பிறந்த பிள்ளைகள் பலர் கண்டதே இல்லை. தெனெரீஃபில், நத்தார் காலத்தில், நள்ளிரவு தாண்டித் தெற்கு அடிவானத்துக்கு மேல் 9 பாகை அளவில் அது தெரியும். தெற்கே மறைப்பில்லாத இடமாகப் பாருங்கள். அகன்ற லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, 15 வினாடியில் தொடங்குங்கள். விண்ணாய்வகங்களுக்காக இந்த வானத்தின் இருட்டைக் காக்க 1988-இல் ஸ்பெயின் சட்டமே இயற்றியது. கரையில் 20 பாகை வெப்பம் இருக்கும் நாளிலும் மேலே தண்ணீர் உறையலாம். தடித்த ஜக்கெற்றும், உடம்போடு ஒட்டிய பையில் மேலதிகப் பற்றரியும் வேண்டும். வெண்பனி விழுந்தால் மலை வீதிகளை மூடிவிடுவார்கள், போக முன் விசாரியுங்கள். தெய்தே தேசியப் பூங்காவுக்குள் ட்ரோன் கூடாது.

7. குளிரிலிருந்து கரைக்கு இறங்கும்போது கமராவைப் பைக்குள் மூடியே வையுங்கள். உடனே திறந்தால் லென்ஸ் வியர்க்கும்.

8. சகாராவின் தூசி வரும் நாள் கலீமா. குளிர்காலத்தில் அடிக்கடி வரும். வெளியில் லென்ஸ் மாற்றவே வேண்டாம். நீலக் கடல் படம் அன்றைக்குக் கிடைக்காது; ஆனால் கண் கூசாமல் பார்க்கக்கூடிய சூரியனும், தட்டுத் தட்டாக மங்கும் மலைகளும் கிடைக்கும். கறுப்பு வெள்ளைக்கு ஏற்ற நாள்.

9. விடுமுறை பெப்ரவரிக்கு அண்மித்தால் சந்தியாகோ டெல் தெய்தேக்குப் போங்கள். அங்கே பாதாம் மரங்கள் பூக்கும் காலம். பக்கத்துச் சின்யேரோ எரிமலை 1909-இல் பத்து நாள் எரிந்தது. தீவில் கடைசியாக நடந்த வெடிப்பு அது. கரடுமுரடான கறுங்குழம்பும் வெளிர் ரோஜாப் பூவும் ஒரே சட்டத்தில் வரும். தூரத்திலிருந்து தோட்டத்தை எடுக்காமல், ஒரு கிளையை மட்டும் எடுத்துப் பின்னால் லாவாவை வையுங்கள்.

10. மனிதர்களைக் கேட்டுவிட்டு எடுங்கள். மீன்பிடிப்பவரும் வாழைத்தோட்டத்தில் வேலை செய்பவரும் உங்கள் விடுமுறைக் காட்சி அல்லர். ஒரு வணக்கம், ஒரு புன்னகை, கமராவைக் காட்டி ஒரு கேள்வி. வேண்டாம் என்றால் வேண்டாம்.

11. குடும்பத்தோடு போகிறீர்கள் என்றால் நடுப்பகல் அவர்களுடையது. டிசம்பரில் அங்கே சூரியன் எட்டு மணிக்குச் சற்று முன்தான் உதிக்கும். ஆறே காலளவில் மறையும். விடியற்காலை வேலையை முடித்துக் காலை உணவுக்குத் திரும்பிவிடலாம். இரவில் ஒருவரையும் எழுப்பி அலைக்கழிக்கத் தேவையில்லை.

12. எங்கே தங்குவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். விமானம் பெரும்பாலும் தெற்கில் இறங்கும். பொதிச் சுற்றுலா விற்பவர்களும் வெயில் உறுதியான தெற்கையே விற்பார்கள். படம் எடுக்கப் போகிறவர் வடக்கில், புவேர்த்தோ டி லா குரூஸிலோ லா ஒரொட்டாவாவிலோ தங்குங்கள். மேகமும் காடும் கராச்சிக்கோவின் அலையும் மலை வீதியும் அங்கிருந்துதான் கிட்ட.