ஆப் லாக் போட்டால் போதுமா?

ஆடிப் பதினெட்டு அன்று கொடுமுடி காவிரிப் படித்துறைக்கு வந்தால் ஒரு காட்சியைத் தவறாமல் பார்க்கலாம். ஆற்றில் குளிக்க இறங்கும் ஒவ்வொரு குடும்பத்திலும் யாராவது ஒருவர் கரையில் உட்கார்ந்திருப்பார். அவர் மடியில் உள்ள பையில் நாலைந்து செல்போன்கள் கிடக்கும். முன்பு அந்தப் பையில் பணமும் நகையும் இருந்தன. இப்போது போன் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் பையின் மதிப்பு குறையவில்லை. சாலைப்புதூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கொப்பரை விற்ற பணம் வங்கிக் கணக்கில் வந்து விழுகிறது. அந்தக் கணக்கைத் திறக்கும் கதவு போனில் இருக்கிறது.

போனை அடுத்தவர் கையில் கொடுக்காமல் நம் வீடுகளில் இருக்க முடியாது. பேரன் கேம் விளையாடக் கேட்பான். பக்கத்து வீட்டுக்காரர் அவசரமாக ஒரு கால் பேசக் கேட்பார். டிஸ்பிளே மாற்றும் கடையில் ஒரு நாள் முழுக்கக் கிடக்கும். எனவே 'யாரிடமும் கொடுக்காதீர்கள்' என்று சொல்வதில் பயன் இல்லை. கொடுத்தாலும் பாதிப்பு வராதபடி போனை எப்படி அமைப்பது என்பதை இந்தப் பாடத்தில் பார்க்கலாம்.

மூன்று கதவுகள்

முதலில் போனில் உள்ள பூட்டுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்கிரீன் லாக் என்பது வீட்டின் வாசல் கதவு. ஆப் லாக் என்பது உள்ளே இருக்கும் அறைக் கதவு. பணம் அனுப்பும்போது கேட்கும் யுபிஐ பின் என்பது பீரோவின் சாவி.

மூன்று கதவுகளையும் ஒரே சாவியால் திறக்க முடிந்தால், அது ஒரே ஒரு கதவு என்றுதான் அர்த்தம். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். ஸ்கிரீன் லாக்குக்கு வைத்த அதே நான்கு இலக்கத்தை ஆப் லாக்குக்கும் வைக்கிறோம். மறந்துவிடும் என்று யுபிஐ பின்னுக்கும் அதையே வைக்கிறோம். ஸ்கிரீன் லாக் எண் வீட்டில் குழந்தைக்குக் கூடத் தெரியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கூகுள் பே, போன்பே போன்ற ஆப்களைத் திறக்கும்போது கேட்கும் லாக், பொதுவாக உங்கள் போனின் ஸ்கிரீன் லாக்தான். அந்த ஆப்புக்கென்று தனியாக வைத்த லாக் அல்ல. போனைத் திறக்கத் தெரிந்தவர் அதையும் திறந்துவிடுவார். ஆகவே இந்தப் பாடத்தின் முதல் விதி: மூன்றுக்கும் மூன்று வேறு எண்கள்.

யார் விரல்கள் உள்ளே இருக்கின்றன?

'கண்ணு, நான் எல்லாத்துக்கும் கைரேகை போட்டு வெச்சிருக்கறேன், ஒண்ணும் ஆகாது' என்று ஊரில் பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்கள் போனில் செட்டிங்ஸ் சென்று பிங்கர்பிரிண்ட் பகுதியைத் திறந்தால் மூன்று அல்லது நான்கு விரல்கள் பதிவாகி இருக்கும். ஒன்று அவருடையது. மற்றவை மனைவி, மகன், பேரன் என்று வசதிக்காகப் பதிந்தவை.

இங்கே ஒரு தொழில்நுட்ப விஷயம் உள்ளது. பதிவான விரல்களில் எது யாருடையது என்று போனில் உள்ள ஆப்களுக்குத் தெரியாது. 'பதிவான விரல் ஒன்று பொருந்தியது' என்ற தகவல் மட்டுமே ஆப்புக்குப் போகும். எனவே பேரனின் விரலும் உங்கள் விரலும் அதற்கு ஒன்றுதான்.

முன்பு இது பெரிய ஆபத்தாக இல்லை. கைரேகையால் ஆப் திறந்தாலும் பணம் அனுப்ப யுபிஐ பின் வேண்டும். ஆனால் 2025 அக்டோபரில் நேஷனல் பேமெண்ட்ஸ் கார்ப்பரேஷன் புதிய வசதியை அறிமுகம் செய்தது. பின் எண்ணுக்குப் பதிலாக போனில் உள்ள கைரேகை அல்லது முகத்தைக் காட்டி 5000 ரூபாய் வரை அனுப்பலாம். இது கட்டாயம் அல்ல, நீங்கள் விரும்பினால் மட்டும் இயக்கலாம். இயக்கும் முன், உங்களுடையது தவிர மற்ற எல்லா விரல்களையும் நீக்கிவிடுங்கள்.

அதே போல யுபிஐ லைட்டையும் பாருங்கள். 2022-ல் வந்த இந்த வசதியில் சிறு தொகைகளுக்குப் பின் எண் கேட்காது. ஒரு முறைக்கு 1000 ரூபாய், மொத்த இருப்பு 5000 ரூபாய் என்று வரம்பை உயர்த்துவதாக ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் அறிவித்தது. டீக்கடைக்கும் பஸ்ஸுக்கும் இது மிக வசதி. ஆனால் இதற்குப் பீரோ சாவியே கிடையாது. எனவே போனை அடிக்கடி மற்றவர்களுக்குக் கொடுப்பவர்கள் லைட்டில் சிறிய தொகை மட்டும் வைத்திருங்கள்.

ஆப் லாக் அமைக்கும் முறை

பெரும்பாலான ஆண்ட்ராய்ட் போன்களில் ஆப் லாக் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. இடம்தான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

1. ஷாவ்மி, ரெட்மி, போகோ: செட்டிங்ஸ் சென்று ஆப்ஸ் பிரிவில் ஆப் லாக் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

2. ஓப்போ, ரியல்மி, ஒன்பிளஸ்: செட்டிங்ஸில் பிரைவசி தொடர்பான பிரிவுக்குள் ஆப் லாக் இருக்கும்.

3. விவோ: இதே வசதி ஆப் என்கிரிப்ஷன் என்ற பெயரில் இருக்கும்.

4. சாம்சங்: பல மாடல்களில் செக்யூர் போல்டர் உள்ளது. ஆப்பின் இன்னொரு பிரதியை அதற்குள் வைத்துத் தனி லாக் போடலாம். பிறகு வெளியே உள்ள பிரதியை நீக்க மறக்காதீர்கள். குறைந்த விலை மாடல்கள் சிலவற்றில் இது இருக்காது.

5. ஐபோன்: ஐஓஎஸ் 18 முதல், ஆப்பின் ஐகானை அழுத்திப் பிடித்தால் ஃபேஸ் ஐடி கேட்கும்படி அமைக்கும் வசதி வரும்.

இடம் கண்டுபிடிக்க முடியாவிட்டால், செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் ஆப் லாக் என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள்.

முதல் முறை நுழையும்போது எந்த லாக் வேண்டும் என்று பல போன்கள் கேட்கும். 'ஸ்கிரீன் லாக்கையே பயன்படுத்து' என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தனி பாஸ்வேர்ட் வையுங்கள். மறந்தால் மீட்பதற்கு மெயில் முகவரி அல்லது அந்தக் கம்பெனியின் அக்கவுண்ட் கேட்டால், அதையும் கொடுத்து முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் நீங்களே வெளியே நிற்க வேண்டி வரும்.

எந்த ஆப்களைப் பூட்ட வேண்டும்? வங்கி ஆப், யுபிஐ ஆப்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். பலர் மறப்பது மூன்று: மெசேஜ், மெயில், செட்டிங்ஸ். ஓடிபி வருவது மெசேஜில். பாஸ்வேர்ட் மாற்றும் லிங்க் வருவது மெயிலில். விரல் சேர்ப்பதும் லாக் நீக்குவதும் செட்டிங்ஸில். பணப்பெட்டியைப் பூட்டிவிட்டுச் சாவிக் கொத்தை வெளியே தொங்கவிட வேண்டாம்.

ஆண்ட்ராய்ட் 15 முதல் பிரைவேட் ஸ்பேஸ் என்ற வசதியும் சில போன்களில் உள்ளது. தனி லாக் கொண்ட மறைவான இடம் இது. ஆனால் பூட்டியிருக்கும்போது உள்ளே உள்ள ஆப்கள் இயங்காது, அறிவிப்புகளும் வராது. அவசரச் செய்தி வரக்கூடிய ஆப்பை அதில் வைக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பில் முழு ஆப்பையும் பூட்டாமல் ஒரு உரையாடலை மட்டும் பூட்டலாம். 2023 மே மாதம் வந்த சாட் லாக் வசதி இது. அந்த உரையாடலை அழுத்திப் பிடித்து, மெனுவில் லாக் சாட் என்பதைத் தட்டினால் போதும்.

குழந்தை கையில் கொடுக்கும் முன்

ஒரே ஒரு ஆப் மட்டும் திறந்திருக்கும்படி போனைக் கொடுக்கலாம். ஆண்ட்ராய்டில் இதன் பெயர் ஆப் பின்னிங். 2014-ல் வந்த ஆண்ட்ராய்ட் 5 முதல் இருக்கிறது. ஆனாலும் பயன்படுத்துவோர் குறைவு.

1. செட்டிங்ஸில் செக்யூரிட்டி பிரிவில் ஆப் பின்னிங்கை ஆன் செய்யுங்கள்.

2. அதன் கீழே, விடுவிக்கும் முன் பின் எண் கேட்கச் சொல்லும் ஆப்ஷனையும் கட்டாயம் ஆன் செய்யுங்கள். இது இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் விடுவித்துவிடலாம்.

3. கொடுக்க வேண்டிய ஆப்பைத் திறந்து, சமீபத்திய ஆப்கள் திரைக்கு வாருங்கள்.

4. மேலே உள்ள ஆப் ஐகானைத் தட்டி, பின் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

இனி அந்த ஆப்பை விட்டு எளிதில் வெளியே வர முடியாது. சில ஆப்கள் தமக்குள்ளிருந்தே வேறு ஆப்பைத் திறக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். விடுவிக்கும்போது கேட்பது ஸ்கிரீன் லாக் எண் என்பதால், அந்த எண் குழந்தைக்குத் தெரியக் கூடாது. ஐபோனில் இதே வேலையை கைடட் ஆக்சஸ் செய்கிறது. அக்சஸிபிலிட்டி பிரிவில் ஆன் செய்து, ஆப்புக்குள் இருக்கும்போது பக்கவாட்டு பட்டனை மூன்று முறை அழுத்த வேண்டும்.

கேம் விளையாடும் பிள்ளைகள் உள்ள வீட்டில், ப்ளே ஸ்டோரின் செட்டிங்ஸில் வாங்கும்போது ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பு கேட்கும்படி அமையுங்கள். ப்ளே பேலன்ஸில் பணம் இருந்தால் ஒரு தட்டலில் போய்விடும். தவறுதலாக வாங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் கூகுளிடம் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். பிள்ளைக்கென்று தனி போன் இருந்தால், கூகுளின் ஃபேமிலி லிங்க் மூலம் எந்த ஆப், எத்தனை நேரம் என்பதை உங்கள் போனிலிருந்தே கட்டுப்படுத்தலாம்.

தனியாக ஆப் லாக்கர் தேவையா?

ப்ளே ஸ்டோரில் ஆப் லாக்கர்கள் ஏராளமாக உள்ளன. போனிலேயே வசதி இருக்கும்போது இவற்றைத் தவிர்ப்பது நல்லது. மற்ற ஆப்களைக் கண்காணிக்க இவற்றுக்கு அக்சஸிபிலிட்டி போன்ற பெரிய அனுமதிகள் வேண்டும். அந்த அனுமதி உள்ள ஆப் உங்கள் திரையில் உள்ளதைப் படிக்க முடியும். 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தடை செய்த 54 ஆப்களின் பட்டியலில் ஆப்லாக் என்ற பெயரிலேயே ஒரு ஆப் இருந்தது. காவலுக்கு வைத்த ஆள் யார் என்று விசாரிப்பது அவசியம்.

பூட்டும் உறுதியானது அல்ல. போனை சேஃப் மோடில் இயக்கினால் நாம் இறக்கிய ஆப்கள் எதுவும் வேலை செய்யாது. லாக்கரும் அதில் அடங்கும்.

பின்பக்கக் கவரில் என்ன இருக்கிறது?

போனின் பின்பக்கக் கவருக்குள் ஏடிஎம் கார்டையோ ஆதார் கார்டையோ செருகி வைக்கும் பழக்கம் நம் பகுதியில் அதிகம். புதிய யுபிஐ பின் அமைக்க டெபிட் கார்டின் கடைசி 6 இலக்கங்கள், காலாவதி மாதம், மொபைலுக்கு வரும் ஓடிபி ஆகியவற்றைக் கேட்பார்கள். சில வங்கிகள் ஏடிஎம் பின்னையும் கேட்கும். ஆதார் வழியாகவும் அமைக்கலாம். அதாவது, திறந்த போனும் கவருக்குள் கார்டும் ஒன்றாகக் கிடைத்தால், பழைய பின் தெரியாமலேயே புதிய பின் அமைக்கும் வழி பாதி திறந்துவிடுகிறது. இன்றே கார்டை வெளியே எடுங்கள். எந்த ஆப் லாக்கையும் விட இது முக்கியம்.

அடுத்து, செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன் பிரிவுக்குச் சென்று, பூட்டிய திரையில் செய்தியின் உள்ளடக்கம் தெரியாதபடி மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஓடிபி பூட்டிய போனிலேயே பளிச்சென்று தெரியும்.

சிம் கார்டைக் கழற்றி வேறு போனில் போட்டாலும் ஓடிபி வரும். இதைத் தடுக்க சிம் லாக் போடலாம். முதலில் சிம் கம்பெனியிடம் ஆரம்பப் பின் எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊகித்து அடிக்காதீர்கள். மூன்று முறை தவறினால் பியுகே எண் கேட்கும். அதையும் பத்து முறை தவறாக அடித்தால் அந்த சிம் பயன்படாது.

போன் தொலைந்துவிட்டால்

பணம் போயிருந்தால் முதலில் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். வங்கிக்கும் சொல்லுங்கள். போலீசில் புகார் கொடுங்கள். அதே எண்ணுக்கு டூப்ளிகேட் சிம் வாங்குங்கள். பிறகு 2023-ல் தொடங்கப்பட்ட சஞ்சார் சாத்தி இணையதளத்தில் போனை முடக்கக் கோரலாம். அங்கே ஓடிபி வரும் என்பதால்தான் டூப்ளிகேட் சிம் முதலில் தேவை. போனின் ஐஎம்இஐ எண்ணும் வேண்டும். இப்போதே *#06# அடித்து, வரும் எண்ணை வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

பயிற்சி

எல்லாம் முடித்ததும் உங்கள் போனின் ஸ்கிரீனைத் திறந்து, வீட்டில் போனை நன்றாகக் கையாளத் தெரிந்தவரிடம் பத்து நிமிடம் கொடுங்கள். அநேகமாக அது பத்தாம் வகுப்புப் பிள்ளையாக இருக்கும். வங்கி மெசேஜைப் படிக்க முடிகிறதா, யுபிஐ ஆப் திறக்கிறதா, புதிய விரல் சேர்க்க முடிகிறதா, ஒரு ஆப் வாங்க முடிகிறதா என்று முயலச் சொல்லுங்கள். நான்கிலும் தோற்றால் உங்கள் பூட்டு சரி. ஒன்றில் வென்றாலும், எந்தக் கதவுக்கு இரண்டு சாவி இருக்கிறது என்று தெரிந்துவிடும். அதை உடனே மாற்றுங்கள்.