ஏட்டுப் பிரதியும் இயந்திரப் பிரதியும்

ஒரு நூலை இயற்றுதல் ஒரு தொழில். அந்நூலைப் பிழையின்றிப் படியெடுத்துப் பயில்வார் கையிற் சேர்த்தல் பிறிதொரு தொழில். முன்னதற்குப் புலமை வேண்டும். பின்னதற்கு ஒழுங்கு வேண்டும். 1887ஆம் ஆண்டிற் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் எதிர்கொண்ட இடர்களுள் ஒன்று, ஏடெழுதுவோர் கைப்பிழையால் ஒரு பிரதி மற்றொன்றோடு ஒவ்வாது நின்றமை ஆகும்.

இக்காலத்து இணையச் செயலிகளை ஆக்குவோரும் இவ்விடரினின்று முற்றாக நீங்கினாரல்லர். வங்கிக் கணக்கைப் பார்த்தல், பரீட்சைப் பெறுபேற்றை அறிதல், புகையிரத ஆசனம் பதிதல் என நாம் கையாளும் செயலிகள் நம் கைத்தொலைபேசியில் முழுமையாக உறைவன அல்ல. அவை தொலைவிலுள்ள வழங்கிகள் எனப்படும் கணினிகளில் இயங்குகின்றன. பயன்படுத்துவோர் பலராயின் வழங்கிகளும் பலவாம். செயலியைத் திருத்துந்தோறும் அத்திருத்தத்தை அவ்வழங்கிகள் அனைத்திலும் ஏற்றுதல் வேண்டும். இதனை மனிதர் கையாற் செய்வது தக்கதோ, எழுதிவைத்த கட்டளைத்தொடரின்படி இயந்திரமே செய்வது தக்கதோ என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

கையால் ஏற்றுவதனால் விளையக்கூடிய தீங்கினை விளக்க, அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றே சாலும். நைற் கப்பிற்றல் என்னும் பங்கு வணிக நிறுவனம், நியூ யோர்க் பங்குச் சந்தையில் 2012 ஓகஸ்ட் 1ஆம் திகதி தொடங்கவிருந்த ஒரு திட்டத்தின் பொருட்டுத் தன் மென்பொருளைத் திருத்தி, எட்டு வழங்கிகளில் ஏற்ற முற்பட்டது. ஏழில் ஏற்றப்பட்டது, ஒன்றில் ஏற்ற ஊழியர் தவறினார். சரிபார்க்க இரண்டாமவர் இலர். சரிபார்த்தல் வேண்டுமென்னும் எழுத்து விதியும் இல்லை. விடுபட்ட அவ்வழங்கியிலோ, 2003ஆம் ஆண்டிலேயே பயன்பாடொழிந்த பழைய நிரலொன்று நீக்கப்படாது கிடந்தது. அப்பழைய நிரலை இயக்குதற்கு முன்னாளில் அமைந்த குறியையே புதிய நிரலுக்கும் குறியாகக் கொண்டிருந்தனர். சந்தை திறந்ததும் ஏழு வழங்கிகள் அக்குறியைப் புதுப்பொருளிற் கொண்டன. எட்டாவது வழங்கி பழம்பொருளிற் கொண்டு, ஓய்வின்றிப் பங்கு வணிகக் கட்டளைகளை அனுப்பத் தலைப்பட்டது. காரணம் அறியாது மருண்டோர், செவ்வனே இயங்கிய ஏழு வழங்கிகளினின்றும் புதிய நிரலை அகற்றினர். அவையும் பழைய நிரலை இயக்கத் தொடங்கவே தீங்கு பெருகிற்று. ஏறத்தாழ 45 நிமிட வணிகத்தால் விளைந்த நட்டம் 46 கோடி டொலரைக் கடந்தது. அடுத்த ஆண்டில் அந்நிறுவனம் பிறிதொன்றோடு இணைந்து தன் தனிநிலையை இழந்தது.

ஈண்டு ஊழியர் ஒருவரைப் பழித்தல் முறையன்று. ஒரே செயலை எட்டிடத்திற் செய்யும் மனிதன் ஓரிடத்தில் தவறுதல் இயல்பு. தவறியதைக் காட்டும் ஏற்பாடு இன்மையே குற்றமாம்.

இனி, இயந்திர முறையின் இயல்பு கூறுவாம். முதலாவது, நிரலின் மூலபாடம் ஓரிடத்திற் பேணப்படல் வேண்டும். லினஸ் ரோவால்ட்ஸ் 2005ஆம் ஆண்டில் ஆக்கிய கிற் என்னும் கருவி, யார், எப்பொழுது, எதனை மாற்றினார் என்பதைப் பதிந்து வைக்கும். இரண்டாவது, ஏற்றுமுன் சோதனைகள் தாமே நிகழ்தல் வேண்டும். ஒன்று தவறினும் மேற்செல்லலாகாது. மூன்றாவது, இடையிலுள்ளோர் படிக்கவியலாத காப்பான வழியிலே நிரலை அனுப்புதல் வேண்டும். பின்லாந்து நாட்டினரான தாத்து இலோனென் 1995ஆம் ஆண்டில் அமைத்த எஸ்.எஸ்.எச். என்னும் முறை இதற்கு உதவும். நான்காவது, பழைய பதிப்பின்மேற் புதியதை எழுதலாகாது. கப்பிஸ்திரானோ என்னும் கருவி, ஒவ்வொரு பதிப்பையும் நேரக்குறியிட்ட தனி அடைவில் வைத்து, நடப்புப் பதிப்பைக் காட்டும் சுட்டியை மாத்திரம் புதியதன்பால் திருப்பும். புதியது பழுதுபடின், சுட்டியைப் பழையதன்பால் மீட்டல் சில நொடி வேலையே. ஐந்தாவது, ஏற்றிய பின் ஒவ்வொரு வழங்கியையும் வினவி, எல்லாவற்றிலும் ஒரே பதிப்பே உளதென உறுதிசெய்தல் வேண்டும். இவ்வைந்தாவது படி இருந்திருப்பின், எட்டாவது வழங்கியின் குறை சந்தை திறக்குமுன்னரே வெளிப்பட்டிருக்கும்.

நிற்க, இம்முறைக்கும் குறைகள் உள. கட்டளைத்தொடர் பிழையுடையதாயின், அப்பிழை எல்லா வழங்கிகளிலும் ஒருங்கே பரவும். ஆதலின் முதலில் ஒரு வழங்கியில் ஏற்றி, சிறிதுநேரம் நோக்கி, பின்னரே ஏனையவற்றில் ஏற்றுவர். சுட்டியைத் திருப்பினால் நிரல் மீளும்; தரவுத்தளத்திற் செய்த மாற்றம் தானே மீளாது. ஆதலின் தரவுக்கு வேறு பிரதி எடுத்து வைத்தல் இன்றியமையாதது. கடவுச்சொற்களைக் கட்டளைத்தொடரினுள் எழுதுதலும் ஆகாது. அது திறவுகோலைக் கதவிலேயே தொங்கவிடுவதை ஒக்கும்.

இத்துறையிற் பணிபுரியும் பழைய மாணவர்க்கு இவை புதியன அல்ல. எனினும், அதனுள் இனிப் புகவிருக்கும் மாணவர்கள் ஒன்றை உளங்கொள்வாராக: செயலியின் மறுபுறத்தே பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் மாணவனும், மருந்துக்குக் காத்திருக்கும் நோயாளியும், மாதச் சம்பளத்துக்குக் காத்திருக்கும் குடும்பமும் உளர். நள்ளிரவிற் கண்விழித்துக் கையால் ஏற்றிய ஒருவரின் திறமையை மெச்சலாம்; ஆனால் அதனை நம்பி ஒரு நிறுவனம் நிற்றல் கூடாது. ஒருவர் நினைவிலுள்ள முறை அவர் விலகும்போது அவரோடு போம்; எழுதிவைத்து, சோதித்து, திருத்திய முறையோ பின்வருவார்க்கும் உதவும். ஆக்குதலிற் காட்டும் ஊக்கத்தை, ஆக்கியதைப் பிழையின்றிச் சேர்ப்பித்தலிலும் காட்டுவதே கற்றோர்க்கு அழகு.