காப்பி கொடுக்கலாமா?

குழந்தையைத் தத்தெடுக்கப் பதிவு செய்திருக்கிறீர்கள். வீட்டைப் பார்க்கச் சமூகப் பணியாளர் வரப்போகிறார். "பலகாரம் செய்யணுமோ? ஒன்றும் கொடுக்காவிட்டால் தப்பாக நினைப்பாரோ?" என்று அஞ்ச வேண்டாம்.

வந்தவருக்குத் தண்ணீரோ, மோரோ, காப்பியோ கொடுங்கள். அது நம் வழக்கம். "வேண்டாம்மா" என்றால் வற்புறுத்தாதீர்கள். விருந்து, புடவை, பணம் கூடவே கூடாது.

அம்மா அடுக்களையிலேயே நின்றுவிட்டால் அவருடைய மனசை யார் சொல்வது? இருவரும் சேர்ந்து உட்காருங்கள். வருமானம், உடல்நலம், வீட்டுப் பெரியவர்களின் சம்மதம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். பேசும்போது கண் கலங்கினாலும் குற்றமில்லை.

2022-ஆம் ஆண்டு தத்தெடுப்பு விதிகளின்படி அவர் எழுதும் அறிக்கை 3 ஆண்டுகள் செல்லும். இந்த வீட்டில் ஒரு குழந்தை நல்லபடி வளருமா என்றுதான் அதில் எழுதுவார்.