இவர்களுக்கும் முதுமை உண்டு

அண்மையில் ஒரு மாலை, விடுதி அறையில் நண்பர்கள் சிலர் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு எங்கெங்கோ சுற்றித் தன்பால் விழைவோரைப் பற்றித் திரும்பியது. அப்போது ஒரு நண்பர், "இளமையில் எப்படியோ காலம் கழிந்துவிடும். வயதான பின் இவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். அவர் ஏளனமாகக் கேட்கவில்லை, இரக்கத்தோடுதான் கேட்டார். ஆயினும் அக்கேள்வி இரண்டு இரவு என்னை உறங்க விடவில்லை. அது எனக்கும் உரிய கேள்வி என்பதே காரணம்.

இருபத்துமூன்று வயதில் முதுமையைப் பற்றி என்ன கவலை என்று நீங்கள் கேட்கலாம். உங்களில் பெரும்பாலோருக்கு முதுமையின் உருவம் கண்முன்னே இருக்கிறது. பேரனை மடியில் வைத்துக் கதை சொல்லும் பாட்டனாரைப் பார்த்து, 'நாமும் ஒருநாள் இப்படி இருப்போம்' என்று எண்ணிக் கொள்கிறீர்கள். என்னைப் போன்றவர்க்கு அத்தகைய உருவம் எளிதில் கிடைப்பதில்லை. வழி எங்கே போய் முடிகிறது என்று தெரியாதவன் வழிநெடுகிலும் அஞ்சியே நடக்கிறான். ஆகவே விடை தேடிச் சில நூல்களைப் படித்தேன். ஒரு பெரியவரைக் கண்டு பேசினேன். அறிந்தவற்றை நம் மன்ற இதழின் வாயிலாக உங்கள்முன் வைக்கிறேன்.

முதியவர் ஏன் கண்ணில் படவில்லை?

1860ஆம் ஆண்டில் வெள்ளையர் ஆட்சி இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, இவர்களுடைய உறவைக் குற்றம் என்றது. 2009 ஜூலை 2ஆம் நாள் டில்லி உயர்நீதிமன்றம் அதன் பிடியைத் தளர்த்தியது. 2013 டிசம்பர் 11ஆம் நாள் உச்சநீதிமன்றம் அதனை மீண்டும் இறுக்கியது. 2018 செப்டம்பர் 6ஆம் நாள்தான், வயது வந்தோர் மனமொத்து வாழ்வது குற்றமன்று என்று அந்நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

இதில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2018ஆம் ஆண்டில் அறுபது வயதை எட்டியவர் 1958இல் பிறந்தவர். படித்தது, வேலையில் சேர்ந்தது, ஒருவரிடம் அன்பு கொண்டது, வீடு கட்டியது, ஓய்வு பெற்றது ஆகிய அனைத்தையும் சட்டத்தின் நிழலுக்கு அஞ்சியே அவர் செய்திருக்கிறார். ஓய்வூதியம் வாங்கும் வயதில்தான் விடுதலை வந்தது. இப்படிப்பட்டவர் நம் கண்ணில் படாமல் இருந்ததில் வியப்பென்ன? அந்த வழக்கைத் தொடுத்தவர்களுள் நடனக் கலைஞர் நவ்தேஜ் சிங் ஜோஹரும், அவருடைய துணைவரும் பத்திரிகையாளருமான சுனில் மெஹ்ராவும் ஐம்பது வயதைக் கடந்தவர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றாக வாழ்ந்தவர்கள். தங்களுக்காக மட்டுமா அவர்கள் படியேறினார்கள்? பின்வரும் நமக்காகவும் அன்றோ!

மற்றொரு காரணமும் உண்டு. எய்ட்ஸ் நோய்க்கு அரசு இலவசமாக மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரலில்தான். அதற்கு முன் நோயுற்ற பலர் முதுமை காணாமலே மறைந்தனர்.

வாழ்ந்து காட்டிய மூவர்

இருளிலும் விளக்கேற்றி வைத்துச் சென்றவர் உண்டு. மூவரைச் சொல்கிறேன்.

முதலாமவர் நம் பல்கலைக்கழகத்தவர். வரலாற்றறிஞர் சலீம் கித்வாய் 1951இல் லக்னோவில் பிறந்தவர். நம் ராம்ஜஸ் கல்லூரியில் இருபது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவர். 1993இல், நாற்பத்திரண்டு வயதிலேயே, ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். 'இனி என்ன?' என்று பலர் சோர்ந்துவிடும் கட்டம் அது. அவரோ, அறிஞர் ரூத் வனிதாவுடன் சேர்ந்து, தன்பால் அன்பைப் பற்றி இந்திய இலக்கியங்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் கூறி வந்தவற்றைத் தொகுத்தார். அந்நூல் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. 'இது மேனாட்டிலிருந்து வந்த பழக்கம்' என்று சொல்லி வந்தவர்க்கு அது தக்க விடையாயிற்று. பின்னர் அவர் பிறந்த ஊருக்கே திரும்பினார். பாடகி மல்கா புக்ராஜின் தன்வரலாற்றையும், குர்ரதுலைன் ஹைதரின் உருதுப் புதினங்களையும் ஆங்கிலத்தில் தந்தார். 2021 ஆகஸ்டில் தம் எழுபதாம் வயதில் மறைந்தார். அவர் புகழுக்குக் காரணமான பணிகளெல்லாம் ஐம்பதை ஒட்டியும் அதற்குப் பின்னும் விளைந்தவை என்பதை நோக்குக.

இரண்டாமவர் ஓவியர் பூபேன் கக்கர். 1934இல் பம்பாயில் பிறந்து பரோடாவில் வாழ்ந்தவர். தொழிலால் கணக்காயர். நாற்பத்தைந்து வயது வரையில் தம் இயல்பை மறைத்தே வாழ்ந்தார். அன்னையார் மறைந்த பின்னர், 1981இல், ஓர் ஓவியம் தீட்டினார். தந்தையும் மகனும் கழுதையை ஓட்டிக்கொண்டு போன கதையை நீங்கள் அறிவீர்கள். ஏறினாலும் குற்றம், இறங்கினாலும் குற்றம் என்று ஊரார் தூற்றிய கதைதான் அது. அக்கதை கீழே தெருவில் நடக்கிறது. மாடத்தில் ஆடையின்றி நிற்கும் ஒரு மனிதர் அதை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். எல்லாரையும் நிறைவு செய்ய ஒருவராலும் இயலாது என்பதே அந்த ஓவியத்தின் பெயரும் பொருளும். அதன்பின் இருபத்திரண்டு ஆண்டுகள் தம் மனம் போல் வரைந்தார். நரைத்த தலையும் தளர்ந்த உடலும் கொண்ட முதியவர்களை அன்புக்குரியவர்களாகத் தீட்டினார். புற்றுநோய் வந்தபோது அதனையும் ஓவியமாக்கினார். 2003இல் காலமானார்.

மூன்றாமவர் எழுத்தாளர் சுனிதி நாம்ஜோஷி. 1941இல் பம்பாயில் பிறந்தவர். இந்திய ஆட்சிப் பணியில் இருந்து, அதனை விட்டுக் கனடாவில் ஆசிரியரானவர். பின்னர் இங்கிலாந்தின் டெவன் பகுதியில், தம் துணைவியாரும் எழுத்தாளருமான கிலியன் ஹான்ஸ்கோம்புடன் வாழ்க்கை அமைத்துக் கொண்டார். குழந்தைகளுக்கும் கதைகள் எழுதினார். எழுபது கடந்த பின்னும் அவர் நூல்கள் வெளிவந்தன.

மூவர் வாழ்விலும் பொதுவானவை இரண்டு: கைவிடாத ஒரு பணி, மறைக்க வேண்டாத ஒரு நட்பு வட்டம். முதுமையின் நிறைவுக்கு இவை இரண்டும் இரு தூண்கள் எனலாம்.

கரோல் பாக் பெரியவர்

புகழ் பெற்றவர்களுக்கு இது எளிது, எளியவர்க்கு இயலுமா என்ற ஐயம் எனக்கும் எழுந்தது. அதனைப் போக்கியவர் கரோல் பாகில் வாழும் ஒரு தமிழ்ப் பெரியவர். பொங்கல் விழாவுக்கு நன்கொடை திரட்டச் சென்றபோது அறிமுகமானவர். மைய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, பிரிவு அதிகாரியாக ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுச் சுவரில் மாலையிட்ட ஒரு படம் இருந்தது. "உங்கள் தமையனாரா ஐயா?" என்று கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பின்பு, "இல்லை தம்பி. இவரோடுதான் முப்பத்து நான்கு ஆண்டுகள் இந்த வீட்டில் இருந்தேன்" என்றார். நான் எழுந்து காப்பிக் குவளைகளைக் கழுவி வைத்துவிட்டு வந்து மீண்டும் அமர்ந்தேன். அன்று முதல் மாதம் இருமுறை அங்கே போய் வருகிறேன்.

நண்பர் நோயுற்றுக் கிடந்தபோது மருத்துவமனையில், "நோயாளிக்கு நீங்கள் என்ன உறவு?" என்று கேட்டார்களாம். "நண்பன்" என்றாராம். அறுவைக்குக் கையொப்பமிட உறவினர்தான் வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நண்பரின் தமையன் மகன் திருச்சியிலிருந்து வந்து சேர இரண்டு நாள் ஆயிற்று. "அந்த இரண்டு நாளும் வாயிற்படியில் உட்கார்ந்திருந்தேன். முப்பத்து நான்கு ஆண்டுக்கு ஒரு பெயர் இல்லாமல் போயிற்று, தம்பி" என்று அவர் சொன்னபோது என் கண்கள் கலங்கின.

ஆனால் வீடு அவருக்கு நின்றது. வீடு நண்பர் பெயரில் இருந்தது. எனினும் நண்பர் முன்யோசனை உடையவர். அடுத்த வீட்டுக்காரரையும் தெருமுனை மருந்துக்கடைக்காரரையும் சாட்சிகளாக வைத்து உயில் எழுதியிருந்தார். அந்த ஒரு தாள் இல்லாவிட்டால், அறுபத்தெட்டு வயதில் பெரியவர் வாடகை அறை தேடி அலைந்திருப்பார்.

இன்று அவர் தனியே இருக்கிறார். ஆனால் தனிமையில் இல்லை. மாலையில் அண்டை வீட்டுப் பிள்ளைகள் மூவருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். ஞாயிறுதோறும் அவரைப் போன்ற நால்வர் அவர் வீட்டில் கூடிச் சமைத்து உண்கின்றனர். அந்த ஐவருக்குள்ளும் ஓர் ஏற்பாடு உண்டு. காலை ஏழு மணிக்குள் ஒருவர் மற்றவரைத் தொலைபேசியில் அழைக்க வேண்டும். மறுமொழி இல்லையென்றால், மாற்றுச் சாவி வைத்திருப்பவர் உடனே புறப்பட வேண்டும். பெற்ற மக்களும் செய்யாத காவல் இது!

காகிதத்தின் வலிமை

பெரியவரின் வரலாற்றிலிருந்து நான் கற்ற பாடம், அன்புக்குக் காகிதத்தின் துணை வேண்டும் என்பதே. 2023 அக்டோபர் 17ஆம் நாள் தீர்ப்பில், தன்பால் திருமணத்தை ஏற்பது நாடாளுமன்றத்தின் வேலை என்று உச்சநீதிமன்றம் ஒதுங்கிவிட்டது. ஆகவே மணமானவர்க்குத் தாலியோடு தாமே வரும் உரிமைகளை, இவர்கள் ஒவ்வொன்றாக எழுதிச் சேர்க்க வேண்டியிருக்கிறது. சட்டம் பயிலும் நண்பர்களின் உதவியால் அறிந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுவேன்.

உயில் முதலாவது. இரு சாட்சிகள் கையொப்பமிட வேண்டும். பதிவு செய்தல் கட்டாயமன்று, எனினும் நன்று. உயிலின்றி இறந்தால் சொத்து இரத்த உறவுக்கே போகும். உடன் வாழ்ந்தவர்க்கு ஒரு செங்கல்லும் இல்லை. பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதும் என்று சிலர் கருதுகின்றனர். அது தவறு, கொடுத்தவர் இறந்த கணமே அது செயலற்றுப் போகும்.

வங்கிக் கணக்கு இரண்டாவது. இவர்கள் கூட்டுக் கணக்குத் தொடங்கவும், துணையை நியமனதாரராகக் குறிப்பிடவும் தடை எதுவுமில்லை என்று 2024 ஆகஸ்டில் மைய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. ஆனால் நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரேயன்றி உரிமையாளர் அல்லர். ஆகவே உயிலும் உடன் வேண்டும்.

மருத்துவம் மூன்றாவது. இறுதிக்காலச் சிகிச்சை பற்றிய முன்விருப்ப ஆவணத்தை 2018இல் உச்சநீதிமன்றம் ஏற்றது. 2023இல் அதன் முறையை எளிதாக்கியது. இரு சாட்சிகள் முன்னிலையில் எழுதி, நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அலுவலரின் சான்று பெற்றால் போதும். நமக்காக முடிவெடுப்பவர் இன்னார் என்று அதில் குறிக்கலாம். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டமும், உறவினரே ஆக வேண்டும் என்றில்லாமல், நாம் நம்பும் ஒருவரைப் பிரதிநிதியாக நியமிக்க இடம் தருகிறது.

சட்டத்தின் மனமும் மெல்ல இளகி வருகிறது. 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், குடும்பம் அமைவதற்குத் திருமணம் ஒன்றே வழியன்று என்று கூறி, தாமே தேர்ந்துகொண்ட குடும்பம் என்னும் கருத்தை ஏற்றுப் பேசியது. கரோல் பாகின் ஞாயிற்றுக்கிழமை விருந்தை நேரில் கண்டவன் என்ற முறையில், அத்தீர்ப்பைப் படித்தபோது நான் பெரிதும் மகிழ்ந்தேன்.

திருநங்கையர் வகுத்த வழி

இத்தகைய குடும்பத்தை நெடுங்காலத்துக்கு முன்பே அமைத்துக் கொண்டவர்கள் திருநங்கையர். வீட்டை விட்டு வெளியேற்றப்பட்ட இளையவரை மூத்தவர் மகளாக ஏற்கிறார். மூத்தவர் தளர்ந்தபோது மகள் காக்கிறாள். வட நாட்டில் குரு, சேலா என்பர். குறைகள் இதிலும் உண்டு. குருவின் பிடி சில இடங்களில் கடுமையானது. எனினும் முதுமையில் கஞ்சி ஊற்ற ஒரு கை உண்டு என்ற உறுதியை அது தந்தது. தமிழக அரசு 2008இல் திருநங்கையர்க்கென நல வாரியம் அமைத்தது. நாற்பது வயது கடந்த ஆதரவற்ற திருநங்கையர்க்கு மாத உதவித் தொகையும் வழங்குகிறது. மற்றவர்க்கு அறுபதில் தொடங்கும் முதுமை, வேலையும் வீடும் மறுக்கப்பட்ட இவர்களுக்கு நாற்பதிலேயே தொடங்கிவிடுகிறது போலும்!

நாம் செய்யத்தக்கன

நண்பர்களே! நம் மன்றத்திற்கு மூன்று வேண்டுகோள் விடுக்கிறேன். முதலாவது, மன்றத்தின் விழாக்களுக்கு, தனித்து வாழும் முதியவர்களையும் அழைப்போம். 'குடும்பத்துடன் வருக' என்று அச்சிடும் இடத்தில் 'உங்கள் அன்பர்களுடன் வருக' என்று அச்சிடுவோம். இரண்டாவது, சட்ட மாணவர்கள் மாதம் ஒரு நாள் உயிலும் மருத்துவ ஆவணமும் எழுத அவர்களுக்கு உதவலாம். மூன்றாவது, முதியவர் ஒருவர் வீட்டுச் சுவரில் மாலையிட்ட படம் கண்டால், அவர் யார் என்று பொறுமையாகக் கேட்போம். விடையைக் கேட்ட பின் எழுந்து போகாதிருப்போம்.

சென்ற ஞாயிறு கரோல் பாக் சென்றிருந்தேன். விடுதி அறையில் நண்பர் கேட்ட கேள்வியைப் பெரியவரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஒருவர் குறைகிறார், தம்பி. நீ காய் நறுக்கு" என்று கத்தியை என் கையில் கொடுத்தார். அன்று பந்தியில் ஆறு இலை விழுந்தது. 'வயதான பின் இவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?' என்று இனி எவரேனும் கேட்டால், என்னிடம் விடை இருக்கிறது.